பைப்பில் எழுதும்போது சிக்னல் குறுக்கிட்டால்

பைப் (ஒரு புரோகிராம் எழுதுவதை இன்னொன்று படிக்க உதவும் குழாய்) நிரம்பிவிட்டால், மறுமுனையில் படித்து இடம் காலியாகும்வரை ரைட்() என்ற எழுதும் அழைப்பு காத்துக் கிடக்கும். அப்போது சிக்னல் (புரோகிராமுக்கு வரும் திடீர் அறிவிப்பு) வந்து, அதற்கு ஹேண்ட்லரும் (அது வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) இருந்தால், முதலில் கேட்க வேண்டியது: ஒரு பைட்டாவது உள்ளே போய்விட்டதா? போயிருந்தால், போன பைட்களின் எண்ணிக்கை திரும்பும். போகவில்லை என்றால் -1 திரும்பும், பிழை எண் இருக்கும் எர்நோவில் ஈஇன்டர் ('சிக்னல் குறுக்கிட்டது') இருக்கும்.

ஹேண்ட்லர் வைக்கும்போது எஸ்ஏ_ரீஸ்டார்ட் (குறுக்கிடப்பட்ட அழைப்பைத் தானாக மீண்டும் தொடங்கச் சொல்லும் தேர்வு) கொடுத்தால் கவலையில்லை என்று நினைக்காதீர்கள். எதுவுமே எழுதப்படாத நிலையில்தான் அது உதவும். லினக்ஸில் சோதித்துப் பாருங்கள். பைப் திறந்து, படிக்கும் முனையை மூடாமல், ஆனால் படிக்காமல் வைத்திருங்கள். மூடினால், படிக்க ஆளில்லாத பைப்பில் எழுதும்போது வரும் சிக்பைப் சிக்னல் புரோகிராமையே முடித்துவிடும். சிக்அலார்ம் சிக்னலுக்கு எஸ்ஏ_ரீஸ்டார்ட்டுடன் ஹேண்ட்லர் வைத்து, ஒரு நொடியில் அந்தச் சிக்னலை அனுப்பும் அலார்ம்(1) போட்டு, 1,00,000 பைட் எழுதுங்கள். ஒரு நொடி கழித்து 65,536 திரும்பும். லினக்ஸில் பைப்பின் வழக்கமான கொள்ளளவு அது. மறுபடி அலார்ம் வைத்து மீதி 34,464-ஐ எழுதினால் ஹேண்ட்லர் ஓடும், ஆனால் ரைட் திரும்பாது. கெர்னலே (இயங்குதளத்தின் மையப்பகுதி) அதை மீண்டும் தொடங்கிவிடுகிறது. எஸ்ஏ_ரீஸ்டார்ட்டை எடுத்துவிட்டால் அதே இடத்தில் ஈஇன்டர் கிடைக்கும். மற்ற யூனிக்ஸ்களில் கொள்ளளவு வேறாக இருக்கலாம். 65,536-ஐ நிரலில் எழுதி வைக்காதீர்கள்.

ஆகவே லூப் கட்டாயம். திரும்பிய எண்ணிக்கை அளவுக்குப் பாயின்டரை நகர்த்தி, மீதியைக் குறைத்து, மீண்டும் எழுதுங்கள். ஈஇன்டர் வந்தால், ஹேண்ட்லர் ஏற்றிவைக்கும் 'நிறுத்து' கொடியைப் பாருங்கள்; அது ஏறியிருக்காவிட்டால் தொடருங்கள். எண்ணிக்கை குறைவாக வந்தாலும் அந்தக் கொடியைப் பாருங்கள். பலரும் விடுவது இதைத்தான். வேறு பிழை என்றால் வெளியேறுங்கள்.

ஹேண்ட்லரை சிக்ஆக்‌ஷன்() வழியாகவே வையுங்கள். அதற்கான பழைய அழைப்பான சிக்னல்(), யூனிக்ஸின் பிஎஸ்டி வழியில் ரீஸ்டார்ட் செய்யும், பழைய சிஸ்டம் ஃபைவ் வழியில் செய்யாது.

ஒரே பைப்பில் பலர் எழுதினால், ஒவ்வொரு செய்தியும் பைப்_பஃப் (பிளவுபடாமல் எழுதக்கூடிய பைட் வரம்பு) அளவுக்குள் இருக்கட்டும்: லினக்ஸில் 4096, ஃப்ரீபிஎஸ்டியிலும் மேக்ஓஎஸ்ஸிலும் 512, யூனிக்ஸ்களுக்கான பொதுத் தரமான பாசிக்ஸ் கேட்கும் குறைந்தபட்சமும் 512. அதற்குள் இருந்தால் செய்தி முழுதாகப் போகும், அல்லது போகவே போகாது. தாண்டினால், லூப் மீதியை எழுதுவதற்குள் அடுத்தவரின் பைட்கள் நடுவே நுழைந்துவிடலாம்.

இன்னொரு ஓட்டை: கொடியைப் பார்த்த பிறகு, ரைட் தூங்குவதற்கு முன் சிக்னல் வந்தால், அதைக் கவனிக்காமலே ரைட் தூங்கிவிடும். லூப் இதை அடைக்காது. பைப்புக்கு ஓ_நான்பிளாக் போடுங்கள் (இடமில்லாவிட்டால் ரைட் தூங்காமல் ஈஅகெய்ன் பிழையுடன் திரும்பும்; அந்தப் பிழைக்கு மட்டும் வெளியேறாமல் காத்திருங்கள்), சிக்னலை முன்னதாகத் தடுத்து வையுங்கள், கொடியைப் பார்த்துவிட்டு, பைப்பில் இடம் வரும்வரை காத்திருக்கும் பிசெலக்ட்()-இல் மட்டும் தடையைத் திறந்து காத்திருங்கள். இந்தச் சிக்னலுக்கு எஸ்ஏ_ரீஸ்டார்ட் வேண்டாம். அதைக் கொடுத்தால், சிக்னல் வந்ததும் பிசெலக்ட் திரும்புமா என்பது சிஸ்டத்துக்குச் சிஸ்டம் மாறும்.