வறட்சியில் போர்வெல் வற்றாமல் மோட்டார் ஓட்டுவது எப்படி

2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களுக்கும் வறட்சி அறிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட ஆண்டில் நிலத்தடி நீருக்கு ஊறலும் நின்றுவிடும், பயிருக்காக இறைப்பதும் கூடிவிடும். மாநிலத்தின் பெரும்பகுதி கடினப்பாறை. உதிர்ந்த மேல்பாறையிலும் விரிசல்களிலும்தான் தண்ணீர் நிற்கும். இறைத்தெடுக்கக்கூடிய நீர் 2 சதவீதம் என்று வைத்தால், ஓர் ஏக்கரில் நீர்மட்டம் 1 மீட்டர் இறங்க 81,000 லிட்டர் போதும். மணிக்கு 7,200 லிட்டர் தள்ளும் மோட்டாருக்கு அது 11 மணி நேர வேலை.

ஆகவே வாரம் ஒருமுறை, இரவெல்லாம் மோட்டார் நின்றிருந்த விடியற்காலையில் மட்டத்தை அளவிடுங்கள். மெயினை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். இரட்டை ஒயரின் நுனிகளை ஒன்றையொன்று தொடாதபடி அரை அங்குலம் உரித்து, சிறு எடை கட்டி, மீட்டருக்கு ஓர் அடையாளமிட்டு இறக்குங்கள். மறுமுனையில் மல்டிமீட்டரை ஓம் (மின்தடை) அளவில் வையுங்கள். நுனி நீரைத் தொட்டதும் எண் மாறிக் காட்டும். கேசிங்கில் (போரின் மேல்பகுதியில் இறக்கிய குழாயில்) வழியும் ஈரமும் பொய்யாகக் காட்டும் என்பதால் மூன்று முறை தூக்கி இறக்கிப் பாருங்கள். ஒயர் மோட்டார் கேபிளில் சிக்கினால் வலிந்து இழுக்க வேண்டாம். அடுத்தமுறை மோட்டாரைத் தூக்கும்போது ஒயர் உள்ளே போக முக்கால் அங்குல பிவிசி குழாயைக் கூடவே இறக்கினால் இந்தத் தொல்லையே இருக்காது.

பிறகு இரண்டு மணி நேரம் ஓட்டி, 200 லிட்டர் பேரல் எத்தனை நொடியில் நிறைகிறது என்று ஆரம்பத்திலும் முடிவிலும் குறியுங்கள். பேரல் நிறையும் நேரம் கூடிக்கொண்டே போனால், ஊறுவதைவிட அதிகம் இறைக்கிறீர்கள். மறுநாள் காலை மட்டம் பழைய இடத்துக்கு ஏறாவிட்டால் ஓட்டத்தை அரை மணி நேரம் குறையுங்கள். ஏறும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள்.

போர் போட்டபோது முதல் பெரிய ஊற்று எத்தனை அடியில் வந்தது என்பதுதான் உங்கள் எல்லை. மட்டம் அதற்குக் கீழே போனால் வரத்து படிப்படியாக அல்ல, சட்டென்று விழும். மோட்டார் காற்றை இழுத்து, குளிர்ச்சி இல்லாமல் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) கருகும். மட்டம் இறங்கினால் மோட்டாரை நிறுத்தும் லெவல் கார்டு கருவியின் கீழ் எலக்ட்ரோடை (நீரை உணரும் முனையை) பம்பின் உறிஞ்சுவாய்க்கு ஒரு மீட்டராவது மேலே கட்டுங்கள். ஆயிரம் அடிக்கு ஆழப்படுத்தலாம் என்று அவசரப்பட வேண்டாம்: ஆழம் கூடக்கூட விரிசல் குறையும், பலருக்குக் கிடைப்பது தண்ணீர் இல்லாத பாறைத்தூள் புகைதான்.

முதல் மழைக்கே ஓட்டத்தைக் கூட்டாதீர்கள். காய்ந்த மேல்மண் குடித்த மிச்சம்தான் கீழே இறங்கும். மட்டம் இரண்டு வாரம் தொடர்ந்து ஏறிய பிறகு, அரை மணி நேரமாகக் கூட்டுங்கள்.