அசோசியேஷன் தகராறு கோர்ட்டுக்குப் போகாமல் முடிந்தது: என் அனுபவம்

கடலூரில் எங்கள் ஃபிளாட் மேல்மாடி. படுக்கையறை சீலிங்கில் ஈரம் இறங்கி பூச்சு உப்பியது. 'வீட்டுக்குள் வருவது உங்கள் செலவு' என்றது அசோசியேஷன். பராமரிப்புப் பணத்தை நிறுத்தினால் தண்ணீரை நிறுத்துவோம் என்றும் மிரட்டல்.

வாட்ஸ்அப் குழுவில் போட்ட போட்டோவுக்குக் கட்டைவிரல்தான் கிடைத்தது. காவல் நிலையத்தில் 'இது சிவில் விவகாரம் சார்' என்று அனுப்பிவிட்டார்கள். வக்கீல் நோட்டீஸ் 'அப்படி யாரும் இல்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

அங்கேதான் விஷயம். வாசல் போர்டில் இருப்பது கட்டடத்தின் பெயர். பதிவான சங்கத்தின் பெயர் வேறு. மாதச் சந்தா ரசீதின் அடியில், எறும்பு மாதிரி எழுத்தில், பதிவு எண்ணோடு அது இருந்தது.

அந்தப் பெயரைப் போட்டு, நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வழக்குக்கு முந்தைய மனு கொடுத்தேன். கோர்ட் கட்டணம் கிடையாது. மொட்டைமாடி பொது என்று சொல்லும் கிரயப் பத்திரப் பக்கத்தையும், டேங்க் நிரம்பி வழிகிற நாளில் மட்டும் ஈரம் கூடுவதைக் காட்டும் தேதியிட்ட போட்டோக்களையும் இணைத்தேன். என் கணக்கில் வக்கீல் நோட்டீஸைவிட இந்தப் போட்டோக்கள்தான் அதிகம் பேசின.

அசோசியேஷன் செயலாளர் வந்தார். ஓவர்ஃப்ளோ குழாயை மாற்றுவது அவர்கள் செலவு, உள்பூச்சு என் செலவு என்று, அந்த ஆணைக்குழு சமரசத்துக்காக நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) கையெழுத்தானது. 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால் வேலை முடிய வேண்டிய தேதியையும் அதிலேயே எழுதச் சொல்லி வாங்கினேன். அப்பாடா, குழாய் மாற்றியாகிவிட்டது.