ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்தப் பெட்ரோல்? முதலில் மூடியைத் திறந்து படியுங்கள்

பங்க்குக்குக் கிளம்பும் முன், வண்டியை வீட்டிலேயே நிறுத்தி வைத்து பெட்ரோல் டேங்க் கதவைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் ஆர்.ஓ.என். (பெட்ரோலின் ஆக்டேன் அளவு) என்று போட்டு ஓர் எண்ணோ இரண்டு எண்களோ இருக்கும். கோயம்புத்தூரில் என் ஒர்க்ஷாப்புக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைப் படித்ததே கிடையாது. ஆனால் வந்ததும் முதல் கேள்வி, "அண்ணா, எக்ஸ்பி போடணுமா, நார்மலே போதுமா?" எக்ஸ்பி என்பது இந்தியன் ஆயிலின் பிரீமியம் பெட்ரோல்.

ஸ்டிக்கரில் 91 என்று மட்டும் இருந்தால் சாதாரணப் பெட்ரோல் போடுங்கள், மேற்கொண்டு படிக்க வேண்டியதுகூட இல்லை. குறைந்தபட்சம் 95 என்று இருந்தால் பிரீமியம்தான், பேரம் கிடையாது. சில கார்களில் 95 என்று போட்டு, கீழே குறைந்தது 91 என்றும் இருக்கும். யோசிக்க வேண்டியவர்கள் இவர்கள்தான். போர்ஷே 718 மாதிரி வண்டிகளுக்கு 98 பரிந்துரை, 95 குறைந்தபட்சம். அதற்கு 95 தாராளமாகப் போடலாம், 91 பக்கம் போகக்கூடாது.

ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. இணையத்தில் அமெரிக்காக்காரர்கள் "91 போட்டால் போதும்" என்று சொல்வதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் வாதாடுகிறவர்கள் உண்டு. அங்கே பங்க்கில் எழுதியிருப்பது வேறு கணக்கு. இரண்டு விதமான ஆக்டேன் அளவைக் கூட்டி இரண்டால் வகுத்துப் போடுவார்கள். அவர்களுடைய 91 நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 95 அல்லது 96. அவர்களுடைய சாதாரண 87தான் நம்முடைய 91.

சரி, இந்த எண் எதைச் சொல்கிறது? சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து பிஸ்டனால் நெருக்கப்படும்போது, ஸ்பார்க் பிளக் பொறி வைத்த பிறகு தீ அங்கிருந்து ஒழுங்காகப் பரவ வேண்டும். சூடும் அழுத்தமும் அதிகமானால், தீ போய்ச் சேருவதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். அதுதான் நாக்கிங். தகர டப்பாவில் சோழி போட்டுக் குலுக்கினாற்போல ஒரு சத்தம் வரும். அதைத் தாங்கும் சக்தியின் அளவுதான் ஆக்டேன். ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0 என்று வைத்து, ஒற்றை சிலிண்டர் சோதனை இன்ஜினில் ஓட்டி ஒப்பிட்டுப் பார்த்து எண் போடுகிறார்கள். ஆக்டேன் கூடினால் பெட்ரோலில் எரிசக்தி கூடிவிடும் என்பது பொய். ஸ்கூட்டருக்கு எக்ஸ்பி போட்டுவிட்டு பிக்கப் ஏறிவிட்டது என்று சொல்கிறவர்களிடம் நான் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன்.

ஆனால் டர்போ இன்ஜினில் கதை மாறுகிறது. டர்போ காற்றை ஏற்கெனவே அழுத்தி அனுப்புவதால் நாக்கிங்குக்கு வாய்ப்பு அதிகம். அதனால் இன்ஜின் பிளாக்கில் நாக் சென்சார் ஒன்று திருகியிருக்கும். அது நாக்கிங் சத்தத்தைக் கேட்டதும், இன்ஜினை நிர்வகிக்கும் கம்ப்யூட்டரான ஈசியூ பொறி வைக்கும் நேரத்தைத் தள்ளிப்போடும். இன்ஜின் பிழைத்துக்கொள்ளும், ஆனால் இழுவை குறையும், புகைப்போக்கிச் சூடு கூடும், மைலேஜும் அடிபடும். டிரைவருக்கு ஒன்றும் கேட்காது. "91 போட்டு ஓட்டினேன், சத்தமே இல்லையே" என்பதற்கு அர்த்தம் அவ்வளவுதான்.

இதை நீங்களே பார்க்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கோளாறுகளைப் படிக்கும் இணைப்பு) ஸ்கேனரைச் செருகி, சிலிண்டர் வாரியாகப் பொறி வைக்கும் டைமிங் எவ்வளவு பின்வாங்குகிறது என்ற வரியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகளில் நாலு சிலிண்டருக்கும் தனித்தனியாக டிகிரியில் காட்டும். ஓட்டுகிறவர் ஒருவர், திரையைப் பார்க்கிறவர் ஒருவர் என்று இரண்டு பேர் போக வேண்டும். நான் வழக்கமாகப் போவது மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறுக்கு மேல் ஏற்றத்தில். மே மாத மதியம், ஏ.சி. ஓடுகிறது, நாலு பேர் பாரம், மூன்றாவது கியரில் 2000 ஆர்.பி.எம்.மிலிருந்து ஆக்ஸிலேட்டரை அழுத்தினால், 91 போட்ட டர்போ வண்டியில் ஏதாவது ஒரு சிலிண்டர் நாலைந்து டிகிரி பின்வாங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதே வண்டிக்கு 95 போட்டு, டேங்க் ஒருமுறை காலியாகி நிரம்பியபின் அதே ஏற்றத்தில் போனால் பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். உங்கள் வண்டியில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லையா? ஸ்டிக்கரும் 91ஐ அனுமதிக்கிறதா? காசை மிச்சம் பிடியுங்கள்.

மலையைப் பற்றி ஒரு வேடிக்கை. டர்போ இல்லாத இன்ஜின் ஊட்டி உயரத்துக்குப் போனால் காற்று மெலிந்துவிடுவதால் ஆக்டேன் தேவை குறையும். அமெரிக்காவில் மலைப் பகுதிகளில் 85 என்றுகூட விற்கிறார்கள். டர்போ வண்டிக்கு இந்தச் சலுகை பெரிதாக இல்லை, குறைந்த காற்றை டர்போ ஈடுகட்டிவிடும்.

பங்க்கில் பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். இந்தியன் ஆயிலில் எக்ஸ்பி 95, எச்பியில் பவர் 95 என்று எண் பெயரிலேயே இருக்கிறது. பெயரில் எண் இல்லாத பிரீமியம் என்றால் ஆக்டேன் எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். முன்பு எக்ஸ்ட்ரா பிரீமியம் என்று விற்றதற்கு ஆக்டேன் 91தான், அழுக்கு நீக்கும் மருந்து மட்டும் கூடுதல். ஜீரோ பார்க்கும்போதே மெஷினில் எந்தப் பெட்ரோல் பெயர் ஓடுகிறது என்றும் பாருங்கள். பில்லை வாங்கி வையுங்கள், வாரன்டி பிரச்சினை என்று வந்தால் கையில் ஒரு சாட்சி.

அந்த மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. இன்டேக் வால்வு மேல் அது படுவதே இல்லை. ஆகவே எவ்வளவு விலையுள்ள பெட்ரோல் போட்டாலும் வால்வில் படிந்த கார்பன் கழுவப்படாது. இன்ஜெக்டர் முனைக்கு வேண்டுமானால் நல்லது.

அப்புறம் பெட்ரோலில் கலக்கும் எத்தனால். பிரீமியம் போட்டால் எத்தனாலிலிருந்து தப்பிக்கலாம் என்று நினைத்து 95 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 95லும் எத்தனால் கலந்துதான் வருகிறது. இன்னொரு பக்கம், 20 சதவீதம் கலந்ததால் சாதாரணப் பெட்ரோலே இப்போது 95 ஆக்டேனைத் தொடுகிறது என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலியத் துறை அமைச்சகம் சொன்னது. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம் என்பதால் இதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மூடியில் குறைந்தபட்சம் 95 என்று இருக்கிற வண்டிக்கு, 95 என்று எழுதி விற்கிற பங்க்கில்தான் போடச் சொல்வேன். லிட்டருக்குச் சில ரூபாய் கூடத்தான் ஆகும். அந்த வண்டியின் ஒரு டயர் விலையை நினைத்தால் இது கணக்கிலேயே வராது. மழைக்காலத்தில் மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கிற வண்டி என்றால் எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதை மறக்காதீர்கள். டேங்கை நிரப்பி மூடி வையுங்கள், உள்ளே காற்றுக்கு இடம் குறைவாக இருக்கட்டும்.

2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் கொண்டுவந்த எக்ஸ்பி 100 பற்றிக் கேட்பார்கள். வந்தபோதே லிட்டர் ஏறக்குறைய 160 ரூபாய். கம்பெனி டியூனிங்கிலேயே இருக்கும் வண்டிக்கு இது வீண் செலவு. ஈசியூ ரீமேப் செய்தவர்களுக்கும் (அதிக சக்திக்காக ஈசியூ புரோகிராமை மாற்றியவர்கள்), கரி மோட்டார் ஸ்பீட்வேயில் சுற்று ஓட்டுகிறவர்களுக்கும் அர்த்தம் உண்டு. ரீமேப் செய்வதற்கு முன் யோசியுங்கள்: 100க்கு என்று மேப் ஏற்றிவிட்டு ராமேஸ்வரம் கிளம்பினால் வழியில் எந்த பங்க்கில் போடுவீர்கள்? 95க்கான மேப் கேளுங்கள், கொஞ்சம் குதிரைத்திறன் குறைந்தாலும் நிம்மதியாகத் தூங்கலாம்.

95 வண்டிக்கு வேறு வழியில்லாமல் 91 போட நேர்ந்தால் டேங்கைக் கழற்றி வடிக்க வேண்டியதில்லை. பாதி 91, பாதி 95 என்றால் ஏறக்குறைய 93 வந்துவிடும், அடுத்த பங்க்கில் 95 ஊற்றிக்கொள்ளுங்கள். அதுவரை உயர்ந்த கியரில், குறைந்த ஆர்.பி.எம்.மில் ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதிக்காதீர்கள். டர்போ டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டிகளில் பிஸ்டன் ரிங் பகுதி உடைவது இப்படி ஓட்டும்போதுதான். கியரை இறக்கி, இன்ஜினைச் சுற்றவிட்டு, மெல்ல ஏறுங்கள். ஆக்டேன் பூஸ்டர் பாட்டிலை நம்பி வாங்கினால் லேபிளை ஒருமுறை படியுங்கள். "30 பாயிண்ட் ஏறும்" என்று இருந்தால் பெரும்பாலும் அது 3 ஆக்டேன்தான், ஒரு பாயிண்ட் என்பது 0.1. மாங்கனீசு கலந்தது என்றால் தொடவே தொடாதீர்கள், பிளக்கில் செங்கல் நிறத்தில் படிந்துவிடும்.