உள்ளங்கையில் ஐஸ் கட்டி, ஒரு நிமிஷம்: பிரசவத்துக்கு நான் தயாரான விதம்

முதல் பிரசவத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். வலி வரும்போது கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்து மூச்சை அடக்கிக்கொள்வேன். பிள்ளை பிறந்து மூன்று நாளைக்குத் தோளும் தாடையும் விட்டுப் போகிற மாதிரி வலித்தது. இரண்டாவது தங்கியபோது இதை மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தேன். தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில், ஒரு ஜமுக்காளத்தை மட்டும் வைத்துக்கொண்டு செய்த யோகாவையும் மூச்சுப் பயிற்சியையும் எழுதுகிறேன்.

முதல் வேலை டாக்டரிடம் கேட்பது. செக்கப்புக்குப் போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டி, "யோகா பண்ணலாமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, கருப்பை வாய்க்குத் தையல் போட்டிருப்பது, பிரஷர், மாதம் ஆகும் முன்பே வலி வருவது, ரத்தம் ரொம்பக் குறைவாக இருப்பது, இதில் எது இருந்தாலும் வேண்டாம் என்பார்கள். அப்படிச் சொன்னால் அதை மீற வேண்டாம். நான் 15-ஆவது வாரத்தில் ஆரம்பித்தேன். வாந்தி மயக்கம் அடங்கியிருந்தது.

கற்றுக்கொள்ளக் காசு செலவழிக்க வேண்டும் என்றில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள். அரும்பாக்கத்தில் அதற்கென்று அரசுக் கல்லூரியே இருக்கிறது. போனில் வீடியோ பார்த்து மட்டும் செய்யாதீர்கள். நான் செய்தேன். ஆறாவது மாதத்தில் ஒரு வீடியோவில் மல்லாந்து படுக்கச் சொன்னார்கள், படுத்தேன். இரண்டு நிமிஷத்தில் கண் இருட்டி, காது அடைத்துவிட்டது. வயிறு பெரிதானபின் மல்லாந்து படுத்தால், காலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய குழாயைக் கருப்பை அழுத்தும் என்று பிறகுதான் தெரிந்தது. ஐந்து மாதத்துக்கு மேல் ஓய்வெடுப்பதும் ஒருக்களித்துத்தான், இடது பக்கமாக, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொண்டு.

நேரம் காலை ஆறு மணி. வெயில் ஏறிவிட்டால் நம் மாடியில் நிற்க முடியாது, கர்ப்பத்தில் உடம்பு அதிகம் சூடாகவும் கூடாது. கோரைப்பாய் சிமெண்ட் தரையில் வழுக்கும், ஜமுக்காளம் பரவாயில்லை. நைட்டி காலில் சிக்கும், தளர்ந்த சுடிதார் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் தண்ணீர் வேண்டும். 25 நிமிஷம் போதும். செய்துகொண்டே பேச முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகம் அதிகம்.

முதலில் பூனை மாதிரி நான்கு காலில். கை தோளுக்கு நேர் கீழே, முழங்கால் இடுப்புக்கு நேர் கீழே. மூச்சை விட்டுக்கொண்டே முதுகை மேலே வளைக்க வேண்டும், மூச்சை இழுக்கும்போது சமமாக்க வேண்டும். வயிற்றைக் கீழே தொங்கவிடாதீர்கள். பத்து முறை செய்தாலே இடுப்பு வலி இறங்குவது தெரியும். அப்புறம் சுவரில் சாய்ந்து, பாதம் இரண்டையும் சேர்த்து வைத்து உட்காருவது. முழங்காலைக் கையால் அழுத்த வேண்டாம். இந்தச் சமயத்தில் மூட்டுகள் தானாகவே தளர்ந்திருக்கும், அழுத்தினால் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது குந்துவது. எங்கள் ஆயா காசிமேட்டில் மீன் வாங்கி வந்தால் குந்தியபடியே பேசிக்கொண்டு கழுவி முடித்துவிடும். எனக்கு அரை நிமிஷம் தாங்கவில்லை. குதிகாலுக்குக் கீழே மடித்த துண்டு, கையில் ஜன்னல் கம்பி, இப்படி ஆரம்பித்து ஒரு மாதத்தில் ஒரு நிமிஷம் வந்தது. கடைசி மாதங்களில் குழந்தையின் தலை கீழே திரும்பவில்லை என்றால், குந்துவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள்.

மூச்சை அடக்குவது, கபாலபாதி (வயிற்றை உள்ளிழுத்து வேகவேகமாக மூச்சை விடுவது), வயிற்றை அழுத்தும் முறுக்கல், குப்புறப் படுப்பது, தலைகீழ் எதுவும் வேண்டாம்.

இனி முக்கியமானது. பிரசவ வலி விடாமல் வலிப்பதில்லை. அலை மாதிரி வரும், நன்றாக ஏறிய பிறகு ஒவ்வொன்றும் சுமார் ஒரு நிமிஷம் இருக்கும், பிறகு இறங்கி இடைவெளி கொடுக்கும். அந்த ஒரு நிமிஷத்தைப் பழகத்தான் இத்தனையும். யோகா சொல்லிக்கொடுத்த டாக்டர் ஐஸ் கட்டியை வைத்துப் பழகச் சொன்னார். என் வீட்டுக்காரருக்குக் காசிமேட்டில் படகுக்கு ஐஸ் ஏற்றுகிற வேலை. ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு கட்டியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு செல்போனில் நேரம் பார்த்தார். இருபது நொடியில் கீழே போட்டேன். பல்லைக் கடித்து, தோளைத் தூக்கி, முதல் பிரசவத்தில் செய்த அதையேதான் செய்திருந்தேன். அவர் என் கையைப் பார்த்துவிட்டு, "இறுக்காத. இறுக்கினா இன்னும் கடிக்கும். விரலை விடு" என்றார். தினமும் ஐஸைத் தொடுகிறவர் சொன்னது அது. மறுபடி வைத்தோம். மூக்கால் மெதுவாக இழுத்து, உதட்டைக் குவித்து, சூடான டீயை ஊதுகிற மாதிரி நீளமாக விட்டேன். இழுக்கும்போது மூன்று எண்ணினால் விடும்போது ஐந்தோ ஆறோ. ஒவ்வொரு மூச்சு விடும்போதும் ஒரு இடம் தளர வேண்டும்: நெற்றி, தாடை, தோள், விரல், கடைசியில் அடி இடுப்பு. ஒரு நிமிஷம் ஆனதும் கட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓய்வு, பிறகு அடுத்த கை. ஒரு நிமிஷத்துக்கு மேல் பிடிக்க வேண்டாம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஆட்டோவில் காத்திருக்கும்போதெல்லாம் ஐஸ் இல்லாமல் அதே மூச்சைப் பழகினேன்.

செய்யும்போது தலை சுற்றினாலோ, நெஞ்சு வலித்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, ரத்தமோ நீரோ கசிந்தாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

இன்னொன்று. பிரசவ அறைக்குள் உங்களோடு யாரை விடுவார்கள் என்று முன்னாலேயே கேட்டு, அவரோடு பழகுங்கள். எங்களுக்குத் துணைக்குப் பெண் ஒருவரைத்தான் விடுவோம் என்றார்கள். அதனால் எட்டாவது மாதத்திலிருந்து என் வீட்டுக்காரருக்குப் பதில் அத்தை பக்கத்தில் இருந்து மூச்சுக்கு எண்ணினார்கள். வலி ஏறிய அன்று இரவு நான் கம்பியைப் பிடிக்கப் போனபோது, அத்தை என் கையைத் தன் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "விரலை விடும்மா" என்றார்கள்.