இடைக்கால ரொமான்ஸ் கவிதைகள்: வாசிப்பில் வழுக்கும் இடங்கள்

சறுக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. ‘ரொமான்ஸ்’ என்றதும் காதல் கதை என்று எடுத்துக்கொள்கிறோம். 12ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் அது மொழியைக் குறித்த சொல்: லத்தீனை விட்டு, மக்கள் பேசிய மொழியில் எழுதப்பட்டது என்று பொருள். டிராய், தீப்ஸ் என்ற பழங்கிரேக்கப் போர்க்கதைகளும் இந்த வகைதான். ‘ஷிவல்ரி’ (குதிரைவீரர் மரபு) என்ற சொல்லின் வேரில் இருப்பது குதிரை. பெண்களிடம் காட்டும் மரியாதை என்ற இன்றைய பொருளோடு உள்ளே போனால் பாதிக் கவிதை கைநழுவிவிடும்.

இதைவிடப் பெரிய தவறு, வீரம், விசுவாசம், பண்பு என்று நெறிகளைப் பட்டியல் போட்டு, வீரன் அவற்றைக் கடைப்பிடித்தானா என்று சரிபார்ப்பது. கவிஞர்களுக்குச் சுவை வேறிடத்தில்: இரண்டு நெறிகளை மோதவிட்டு நடுவில் வீரனை நிறுத்துவார்கள்.

12ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞர் க்ரெத்தியான் த த்ருவாவின் லான்ஸ்லட் கதையைப் பாருங்கள். லான்ஸ்லட், ஆர்தர் அரசனின் அவை வீரன். கடத்தப்பட்ட ஆர்தரின் அரசி, தன் காதலி கினிவரைத் தேடிப் போகிறவனிடம், “வண்டியில் ஏறு, நாளைக்குள் அவளைப் பற்றித் தெரியும்” என்கிறான் வண்டியோட்டும் குள்ளன். அந்த வண்டி என்ன என்பதைக் கவிஞரே விளக்குகிறார்: இன்று பெரிய ஊர்களில் 3,000 வண்டிகளுக்கு மேல் உண்டு, அன்றோ ஊருக்கு ஒன்றுதான், கொலைகாரரையும் திருடரையும் ஏற்றி ஊர்சுற்றிக் காட்டுவதற்கு. ஏறினால் மானம் போகும். அறிவு தடுக்கிறது, காதல் தள்ளுகிறது. இரண்டே அடி தயங்கிவிட்டு ஏறுகிறான். பிறகு கூரிய வாளே பாலமாகக் கிடக்க, வெறுங்கையாலும் காலாலும் ரத்தம் சொட்ட அதைக் கடந்து போகிறான். அரசி முகங்கொடுக்கவில்லை. வண்டியில் ஏறிய அவமானம்தான் காரணம் என்று லான்ஸ்லட்டே நினைக்கிறான். பல கட்டுரைகளும் அப்படியே எழுதிவிடுகின்றன. அவள் சொல்லும் குற்றம் அந்த இரண்டடித் தயக்கம்!

இதை வைத்து ‘பெண்தான் நீதிபதி, ஆகவே பெண்ணுக்கே அதிகாரம்’ என்று முடித்தாலும் தவறு. அதே கவிதையில் ஒரு நாட்டு வழக்கம் வருகிறது. தனியாக வரும் பெண்ணைத் தீண்டினால் வீரனுக்கு இழுக்கு. அவளை ஒருவன் காவலாக அழைத்துவந்து, அவனைப் போரில் வென்றுவிட்டால், வென்றவன் அவளை என்ன செய்தாலும் பழியில்லை. அவள் சம்மதம் கணக்கிலேயே இல்லை. காதலுக்குள் அவள் கட்டளையிடுகிறாள், வெளியே கைமாறும் பொருளாக இருக்கிறாள். இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

வீரன் தலைவிக்குத் தொண்டனாகும் இந்தக் காதலைக் குறிக்கும் ‘கோர்ட்லி லவ்’ (அரசவைக் காதல்) என்பதை அந்தக் காலத்துச் சட்டம்போல் மேற்கோள் காட்டாதீர்கள். அதை ஆய்வுச் சொல்லாகப் பரப்பியவர் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பாரி, 1883இல். எல்லாம் பிறன்மனைக் காதலும் அல்ல. க்ரெத்தியானே எழுதிய எரெக், ஈவேன் என்ற வீரர்களின் கதைகளில் சிக்கல் திருமணத்துக்குப் பிறகே முற்றுகிறது.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ஆங்கிலக் கவிதையான ‘சர் கவைனும் பச்சை வீரனும்’ நூலில் இன்னொரு கண்ணி. பச்சை வீரனின் கோடரி வெட்டை ஏற்கப் போகும் ஆர்தரின் வீரன் கவைன், வழியில் ஒரு வீட்டில் தங்குகிறான். நாள்முடிவில் அன்று கிடைத்ததை மாற்றிக்கொள்வதென்று வீட்டுத்தலைவனும் அவனும் ஒப்பந்தம் செய்கிறார்கள். தலைவி கொடுத்த முத்தங்களை 1, 2, 3 என்று மூன்று நாளும் தலைவனிடம் திருப்பித் தருகிறான் கவைன். உயிர் காக்கும் என்று அவள் தந்த பச்சை இடைக்கச்சையை மட்டும் மறைத்துவிடுகிறான். குட்டு வெளிப்பட்டதும், ஆதாம் முதல் தாவீது வரை பெண்களிடம் ஏமாந்தவர்களை அடுக்கிப் பெண்குலத்தையே பழிக்கிறான். இதைக் கவிஞரின் கருத்து என்று எழுதுவது அவசரம். பேசுபவன், வெட்கத்தில் கூசி நிற்கும் ஒருவன்; பிழையோ அவன் ஒளித்ததில். யார், எந்த நிலையில் பேசுகிறார் என்பதை ஓரத்தில் குறித்துக்கொண்டே படியுங்கள்.

தமிழில் எழுதுவோருக்கு ஒரு தனிக் கவனம். ஹெல்ட்ரிஸ் இயற்றிய 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிதை ‘சைலன்ஸ்’. அதன் ஒரே சுவடி 1911இல் இங்கிலாந்தில் கிடைத்தது. பெண்களுக்குச் சொத்துரிமை இல்லை என்று அரசன் ஆணையிட்டதால், ஒரு மகளை மகனாக வளர்க்கிறார்கள். அவள் பேர்பெற்ற வீரனாகிறாள். பெயரே இரண்டு: ஆணாக ‘சிலென்ஷியுஸ்’, பெண்ணாக ‘சிலென்ஷியா’. மூலத்தில் ஆண்பாலும் பெண்பாலும் மாறி மாறி வருகின்றன. நம் வினைமுற்றோ ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று வரிக்கு வரி பால் கேட்கும். சீராக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ‘அவள்’ ஆக்கினால், கவிஞர் நிறுத்தி வைத்த கேள்விக்கு நாமே விடை எழுதியதாகிவிடும். மூலம் ஆண்பால் சொல்லும் இடத்தில் ‘வந்தான்’ என்றே விடுங்கள்.