பொற்கொல்லர் தெருவின் வரலாற்றைத் திரட்டுவது எப்படி? மதுரையை முன்வைத்து ஒரு வழிகாட்டி

கைவினைஞர்களால் பெயர்பெற்ற பழைய தெரு ஒன்றின் வரலாற்றை எழுத முற்படுபவர், யாருடைய வரலாற்றை எழுதப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் நடப்பவர் கண்ணில் படுபவை நகைக்கடைகள்; அந்த நகைகளைச் செய்யும் பட்டறைகளோ பக்கத்துச் சந்துகளிலும் பழைய வீடுகளின் மாடிகளிலும் இருக்கின்றன. கடைக்குப் பெயர்ப்பலகை, விளம்பரம், திறப்புவிழா அழைப்பிதழ் என ஏதாவது எழுத்துச் சான்று மிஞ்சும். பட்டறைக்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. ஆகவே கடையில் தொடங்கினால் வணிகர் வரலாறு மட்டுமே சேரும். பட்டறையில் தொடங்கிக் கடைக்கு வாருங்கள்.

தெருவை நகரத்தின் அமைப்புக்குள் வைத்துப் பார்ப்பது அடுத்த வேலை. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி எனத் திருவிழாக்களின் பெயரால் வீதிகள் சதுரம் சதுரமாக விரிகின்றன. அவற்றுக்கு வெளியே உள்ள மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த பணியில் ஈடுபட்டவர்களின் பெயர்களை அவை தாங்கியுள்ளன. எந்த வீதி கோட்டைக்குள் இருந்தது, எது பின்னால் வந்தது என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டால், நீங்கள் கேட்கப்போகும் கதைகளில் எது சாத்தியம், எது சாத்தியமில்லை என்பது ஓரளவு தெளிந்துவிடும்.

சங்கு அறுத்து வளையல் கடைபவர், மணிகளில் துளையிடுபவர், சுட்ட பொன்னில் அணி செய்பவர், பொன்னை உரைத்து மாற்றுக் காண்பவர் என மதுரைக்காஞ்சி ஒரு நீண்ட வரிசையைத் தருகிறது. இதைத் தாராளமாக எடுத்துக்காட்டலாம். ஆனால் இந்தத் தொழில்கள் நகரத்தில் பழமையானவை என்பதற்குத்தான் அது சான்று. இன்றைய இந்த வீதிக்கு அது சான்றாகாது. ஈராயிரம் ஆண்டுகளாக ஒரே இடத்தில் தொடர்வதாக எழுதிவிடும் ஆசை பலருக்கு வரும். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

ஆவணங்களில் நான் மிகவும் மதிப்பவை வீட்டுக் கிரயப் பத்திரங்கள். பழைய பத்திரங்களில் விற்பவர், வாங்குபவர் இருவரின் தந்தை பெயரும் பல வேளைகளில் தொழிலும் எழுதப்பட்டிருக்கும். அதைவிட முக்கியமானது சொத்து விவரத்தில் வரும் நான்கெல்லை. வடக்கே இன்ன ஆசாரி வீடு, கிழக்கே பொதுச் சந்து, தெற்கே இன்னார் பட்டறை என்று ஒரே பத்திரம் அண்டை வீடுகளையும் சொல்லிவிடுவதால், ஒரே சந்தைச் சேர்ந்த சில பத்திரங்களை ஆண்டு வாரியாக அடுக்கினாலே யார் எப்போது வந்தார், எந்தப் பட்டறை எப்போது கடையாக மாறியது என்பது புலப்படத் தொடங்கும். மூலப்பத்திரத்தை ஒருபோதும் இரவல் கேட்காதீர்கள். அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து குறிப்பெடுங்கள். பங்காளி வழக்கு நிலுவையில் உள்ள வீடுகளில் பத்திரப் பேச்சையே தவிர்த்துவிடுவது நல்லது. மதுரை நகராட்சி 1866இல் அமைந்தது. அதன் பிந்தைய வரிப் பதிவேடுகள், நகர நில அளவைப் பதிவேடுகள், 1868இல் நெல்சனும் 1906இல் பிரான்சிஸும் வெளியிட்ட மாவட்ட நூல்கள், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஆகியவற்றைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

நேர்காணலில் ஆண்டுகளை நேரடியாகக் கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது. தொழிலையே புரட்டிப்போட்ட நிகழ்வு ஒன்றை அடையாளமாக வைத்துக் கேளுங்கள். பொற்கொல்லர்களுக்கு அது தங்கக் கட்டுப்பாடு. 1963 ஜனவரியில் வந்த விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதிய நகை செய்வதைத் தடுத்தன. 22 காரட்டிலேயே கைப்பழகிய குடும்பங்கள் ஒரே நாளில் வேலையிழந்தன. நாடெங்கும் பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். தங்கக் கட்டுப்பாடு 1968இல் தனிச் சட்டமாகி, 1990இல்தான் நீக்கப்பட்டது. "பதினாலு காரட் சட்டம் வந்தப்போ பட்டறையில் யார் யார் உட்கார்ந்திருந்தீங்க, ஐயா? அவங்கல்லாம் அப்புறம் எங்கே போனாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அதே கேள்வியை அந்த வீட்டுப் பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். எந்தக் கருவியை அடகு வைத்தார்கள், யார் படிப்பை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் இருக்கும்.

வேலை நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். பற்றவைக்கும்போது ஊதுகுழல் வாயில் இருக்கும். மூச்சின் அளவு தவறினால் மெல்லிய கம்பி உருகிவிடும். அந்த நேரம் பார்ப்பதற்கு உரியது. பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்கு மாற்றி மாற்றிக் கம்பி இழுக்கும் எஃகுத் தகட்டைக் காட்டச் சொல்லி, அதை யார் செய்தது, யாரிடமிருந்து வந்தது என்று விசாரியுங்கள். தரையைக் கூட்டிய குப்பையை ஏன் எறிவதில்லை என்று கேளுங்கள்: அராவும்போது சிதறிய பொன்துகள் அதில் இருக்கும். அதை விலைக்கு வாங்கி அரிப்பவர்கள், சாக்கடை மண்ணை அரித்துப் பிழைப்பவர்கள், கரி விற்றவர்கள், பொன்னை உருக்கும் கிண்ணமான மூசையை விற்றவர்கள் எல்லோருமே இந்தத் தெருவைச் சேர்ந்தவர்கள்தாம். வங்காளத்திலிருந்து வந்து இப்போது பட்டறைகளில் அமர்ந்திருக்கும் பொற்கொல்லர்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்களை ஒதுக்கி எழுதும் தெரு வரலாறு அரைகுறையானது என்றே நான் கருதுகிறேன்.

ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லோடும் பத்திரத்தோடும் ஒப்பிட்டு, முரண்படும் இடங்களில் இரண்டையும் பெயர் குறிப்பிடாமல் பதிவு செய்யுங்கள். யாரிடம் எவ்வளவு தங்கம் இருக்கிறது, எந்தக் கடை யாருக்குக் கூலி பாக்கி வைத்திருக்கிறது என்பவற்றை எழுத்தில் கொண்டுவர வேண்டாம். எழுதி முடித்ததும், சொன்னவர்களிடம் அவரவர் பகுதியைப் படித்துக் காட்டித் திருத்தங்களை ஏற்ற பிறகு, ஒலிப்பதிவின் ஒரு படியை அந்தக் குடும்பங்களிடமும் ஒன்றை அருகிலுள்ள பொது நூலகத்திலும் ஒப்படையுங்கள்.