மியான்மர் தேசிய லீக் பருவத்துக்குச் சொந்தமாகப் பதிவேடு எழுதும் முறை

மியான்மர் தேசிய லீக்கின் கால்பந்து ஆட்டங்களைத் தொடர்ந்து பார்ப்பவர், பருவம் தொடங்கும் முன்பே தமக்கென ஒரு பதிவேட்டைத் தயார் செய்துகொள்வது நல்லது. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் பத்தாண்டுகளுக்கு முன் யார் எந்த நிமிடத்தில் கோல் போட்டார் என்பதை யாங்கோன் தேநீர்க்கடையில் உட்கார்ந்தபடியே கைபேசியில் தேடி எடுத்துவிடலாம்; நம் லீக்கில் போன பருவத்து ஆட்டத்துக்குக்கூட அந்த வசதி எப்போதும் கிடைப்பதில்லை. முடிவுகள் பெரும்பாலும் பேஸ்புக் பக்கங்களில் வெளியாகி, அடுத்த வாரத்துப் பதிவுகளுக்கு அடியில் போய்விடுகின்றன. 2021 பிப்ரவரியில் பேஸ்புக் முடக்கப்பட்டதிலிருந்து அவற்றைப் பார்ப்பதற்கே தடையைத் தாண்ட உதவும் விபிஎன் செயலி தேவைப்படுகிறது. ஆகவே அன்றன்று எழுதி வைத்ததுதான் பின்னால் கைகொடுக்கும்.

கட்டம் போட்ட தடித்த நோட்டு ஒன்று போதும். மின்வெட்டு நேரத்திலும் எழுத முடியும் என்பதால் கணினியைவிடக் காகிதத்தையே நான் பரிந்துரைக்கிறேன். பழைய செட்டியார் கடைகளில் குறிப்பேடும் பேரேடும் தனித்தனியே இருந்ததைப்போல, நோட்டின் முன்பாதியை ஆட்டங்கள் நடந்த வரிசைப்படி எழுதவும், பின்பாதியை அணிவாரியாகக் கணக்குத் தொகுக்கவும் ஒதுக்கவேண்டும். முடிவை முதலில் முன்பாதியில் எழுதிய பிறகே பின்பாதிக்கு எடுத்துச் செல்லவேண்டும். நேராகப் புள்ளிப்பட்டியலில் எழுதினால், பிழை எங்கே நுழைந்தது என்பதைப் பிறகு கண்டுபிடிக்க வழியிருக்காது.

முதல் பக்கத்தில் இதுவரை பட்டம் வென்றவர்களின் வரிசையை எழுதிக்கொள்ளலாம். அமைச்சகங்களின் பெயரில் அணிகள் ஆடிய பழைய மியான்மர் பிரீமியர் லீக்கின் இடத்தில், எட்டு அணிகளோடு 2009இல் இந்தத் தொழில்முறை லீக் உருவானது. 2010, 2014, 2016 ஆகிய ஆண்டுகளில் மண்டலையின் யதனாபோன் வென்றது. 2011 முதல் 2013 வரை தொடர்ந்து மூன்று முறையும், பிறகு 2015, 2018 ஆகிய ஆண்டுகளிலும் யாங்கோன் யுனைடெட் வென்றது. 2017, 2019, 2020, 2022, 2023 ஆகிய ஆண்டுகளின் பட்டங்கள் தவுஞ்சியைச் சேர்ந்த ஷான் யுனைடெட்டுக்குப் போயின. இத்தனை பருவங்களின் பட்டங்களும் மூன்றே கழகங்களுக்குள் அடங்கிவிட்டதைப் பார்க்கும்போது, மற்ற அணிகளின் பருவத்தை எழுதி வைக்கவேண்டிய தேவை இன்னும் கூடுகிறது என்றே நினைக்கிறேன். 2021ஆம் ஆண்டுக்குரிய வரியை விட்டுவிடாமல், அதற்கு நேராக ஒரு கோடிட்டு, அரசியல் நெருக்கடியாலும் கோவிட் தொற்றாலும் பருவம் நடைபெறவில்லை என்று எழுதவேண்டும். இல்லாவிட்டால் பின்னாளில் படிப்பவர் அதை எழுதியவரின் மறதி என்று எண்ணிக்கொள்வார்.

அடுத்து, இரண்டு பக்கங்களைச் சேர்த்து ஒரு குறுக்கு அட்டவணை வரையவேண்டும். சொந்த மைதானத்தில் ஆடும் அணியை இடப்புறமும், வருகை தரும் அணியை மேல்வரிசையிலும் எழுதினால், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரே ஒரு கட்டம் கிடைக்கும். இரு சுற்றுகள் கொண்ட பருவத்தில் பன்னிரண்டு அணிகள் இருந்தால் 132 ஆட்டங்களும், பத்து அணிகள் இருந்தால் 90 ஆட்டங்களும் வரும். எஞ்சியிருக்கும் வெற்றுக் கட்டங்களே இன்னும் நடக்கவேண்டிய ஆட்டங்கள் என்பதால், ஆட்டத் தேதிகள் எத்தனை முறை மாற்றப்பட்டாலும் நம் கணக்கு குழம்பாது.

முன்பாதியில் எழுதும் ஒவ்வொரு வரியிலும் முதலில் அறிவிக்கப்பட்ட தேதி, உண்மையில் ஆட்டம் நடந்த தேதி, மைதானம் ஆகிய மூன்றும் இடம்பெறவேண்டும். நம் நாட்டில் மே நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் வரை மழை நின்று பெய்வதால், அந்த மாதங்களில் நடக்கும் ஆட்டங்களுக்குத் தரையின் நிலையையும் இரண்டு சொற்களில் குறிப்பது பயன் தரும். தண்ணீர் தேங்கிய தரையில் கிடைத்த கோலில்லாச் சமநிலையையும், காய்ந்த தரையில் கிடைத்ததையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. மைதானத்தைக் குறிப்பது இன்னும் முக்கியமானது. அணியின் பெயர் வேறோர் ஊரைச் சுட்டினாலும் ஆட்டம் யாங்கோனில், துவுண்ணா அரங்கிலோ பதோன்மா அரங்கிலோ நடந்திருக்கலாம். அப்படிப்பட்ட ஆட்டத்தைச் சொந்த மைதான வெற்றி என்று எண்ணிக் கூட்டினால், அந்த அணியைப் பற்றி நாம் எடுக்கும் முடிவு முழுவதும் பிசகிவிடும்.

கழகங்களின் பெயர்கள் மாறுவது இந்த லீக்கில் புதிதல்ல. இன்றைய ஷான் யுனைடெட் முன்பு கன்பாவ்ஸாவாக இருந்தது. டெல்டா யுனைடெட்டே பிறகு ஐராவதி யுனைடெட் ஆனது. அந்தப் பருவத்தில் வழங்கிய பெயரையே எழுதிவிட்டு, பழைய பெயரைக் கடைசிப் பக்கத்தில் ஒரு முறை குறித்தால் போதும்.

வீரர்களின் பெயர்களில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பிறந்த கிழமைக்கு உரிய எழுத்தில் பெயர் தொடங்கும் வழக்கமும் இருப்பதால், ஒரே அணியிலேயே ஒலியில் நெருங்கிய பெயர்கள் பல அமைந்துவிடுகின்றன. தேசிய அணியில் ஒரே காலத்தில் மௌங் மௌங் லுவின், மௌங் மௌங் சோ என்ற இருவர் ஆடியதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். நம் பழக்கத்தில் பெயரின் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எழுதினால் யாருடைய கோல் என்பது தெரியாமல் போகும். ஆகவே முழுப்பெயரையும் சட்டை எண்ணையும் சேர்த்தே எழுதவேண்டும். ஒரு பெயருக்குத் தமிழில் எந்த எழுத்துக்கூட்டலை முதல் வாரத்தில் எடுத்துக்கொண்டோமோ அதையே கடைசி வாரம் வரை கையாளவேண்டும். அணிப்பட்டியல் பக்கத்தில் அதனருகே பர்மிய எழுத்திலும் ஒரு முறை எழுதிவைத்தால், செய்தித்தாளோடு ஒப்பிடுவது எளிதாகும். பருவத்தின் நடுவே வீரர் வேறு கழகத்துக்கு மாறினால், பழைய வரியின் கீழ் கோடிட்டு மூடிவிட்டு, புதிய அணியின் பக்கத்தில் புதிதாகத் தொடங்கவேண்டும்.

பர்மிய எண்களில் வெளியாகும் முடிவுகளை இணையத்தில் தேடுவோருக்கு ஒரு குறிப்பு: பர்மியச் சுழியமும் ‘வ’ என்று ஒலிக்கும் எழுத்தும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், தட்டச்சு செய்பவர்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை இட்டுவிடுகிறார்கள். தேடியது கிடைக்காவிட்டால் மற்றதையும் இட்டுப் பார்க்கவேண்டும்.

ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். எல்லா அணிகளின் வெற்றிகளின் கூட்டுத்தொகை தோல்விகளின் கூட்டுத்தொகைக்கும், அடித்த கோல்களின் தொகை வாங்கிய கோல்களின் தொகைக்கும் சமமாக இருக்கவேண்டும். நடந்த ஆட்டங்களை மூன்றால் பெருக்கி, சமநிலை ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கழித்தால் வருவதே எல்லா அணிகளின் மொத்தப் புள்ளிகள். எடுத்துக்காட்டாக, 66 ஆட்டங்களில் 18 சமநிலை என்றால் மொத்தம் 180 புள்ளிகள் வரவேண்டும். 181 வந்தால் அந்த வாரமே தேடிப் பிடித்துத் திருத்தவேண்டும்.

ஒத்திவைப்புகளால் அணிகள் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை வேறுபடும்போது, புள்ளிப்பட்டியல் நம்மை ஏமாற்றும். அதற்கு மாற்றாக, தோல்விக்கு மூன்று, சமநிலைக்கு இரண்டு என்று ஒவ்வோர் அணியும் இழந்த புள்ளிகளைத் தனி வரிசையில் எழுதிவரலாம். பத்து ஆட்டங்களில் 24 புள்ளிகள் பெற்ற அணி ஆறு புள்ளிகளை இழந்திருக்கிறது. எட்டு ஆட்டங்களில் 20 பெற்ற அணி இழந்தது நான்குதான். பட்டத்துக்கான போட்டியில் உண்மையில் முன்னே நிற்பது இரண்டாவது அணியே. இந்த ஒரு வரிசைக்காகவே பதிவேடு எழுதலாம் என்பேன்.

ஓர் அணி ஆட வராமல் போய் எதிரணிக்கு மூன்றுக்குச் சுழியம் என்று வெற்றி வழங்கப்பட்டால், அதைப் புள்ளிக்கணக்கில் சேர்த்து, கோல் அடித்தவர் பட்டியலில் சேர்க்காமல், கட்டத்தின் மூலையில் ஒரு புள்ளி வைக்கவேண்டும். பருவத்தின் நடுவே ஓர் அணி முழுவதுமாக விலகினாலும் அதன் முடிவுகளை அழிக்கக்கூடாது. பென்சிலால் மெல்லிய கோடிட்டுவிட்டு, லீக் என்ன முடிவெடுக்கிறது என்று காத்திருந்து கணக்கை மாற்றவேண்டும். புள்ளிகள் சமமாகும்போது கோல் வித்தியாசம் முதலில் பார்க்கப்படுமா, இரு அணிகளும் தங்களுக்குள் மோதிய முடிவுகள் பார்க்கப்படுமா என்பதை அந்தந்தப் பருவத்தின் விதிகளிலிருந்து தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளவேண்டும். போஜோ ஆங் சான் கேடயம் போன்ற, தோற்ற அணி வெளியேறும் முறையில் நடக்கும் கோப்பைப் போட்டிகளின் ஆட்டங்களை லீக் கணக்கோடு கலக்காமல் கடைசிப் பக்கங்களில் எழுதவேண்டும்.

கடைசி ஆட்டம் முடிந்த வாரத்திலேயே குறுக்கு அட்டவணையையும் கோல் பட்டியலையும் படமெடுத்து, வேறோர் ஊரில் இதே லீக்கைப் பார்க்கும் நண்பர் ஒருவருக்கு அனுப்பவும். அவருடைய ஏட்டோடு ஒத்துப் பார்த்து, முரண்படும் வரிகளில் இருவர் எழுதியதையும் அழிக்காமல் அருகருகே குறித்துவைக்கவும்.